உம்மா எடுத்த கூறை

என்ன வேலை செய்கிறாய் என்று கல்முனையில் யாராவது கேட்டால் இப்போதெல்லாம் "வெப்சைட் திருத்துற" என்று சொல்லி முடித்துவிடுகிறேன். முந்தி அப்படியில்லை. கண் தெரியாதவர்கள், காது கேளாதவர்கள், கை நடுங்குகிறவர்கள் எல்லோரும் பாவிக்கக்கூடிய மாதிரி ஓர் இணையத்தளம் இருக்கிறதா என்று பார்ப்பது, இல்லாவிட்டால் எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடித்துச் சரியாக்குவது, அதுதான் என் வேலை என்று ஆற அமர விளக்குவேன். முழுவதையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "அப்ப புள்ள, என்ட போன்ல சார்ஜ் நிக்கிதில்ல, ஒருக்காப் பாத்துத் தாறியா?" என்பார்கள். எனக்குப் பொறுமை குறைவு. அது வாப்பாவின் பக்கத்துக் குணம் என்று உம்மா சொல்வார். வாப்பா மௌத்தாகிவிட்டதால் மறுத்துப் பேச ஆளில்லை.

வெளிநாட்டுக் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே வேலை செய்கிறேன். எந்த நாட்டிலோ கண் தெரியாத ஒருவர் யாரையும் எதிர்பார்க்காமல் தானே ரயில் டிக்கட் எடுக்கிறார் என்றால் அதில் என் கையும் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பக்கம் ரயிலே வராது, அது வேறு கதை. அந்த மனிதரை நான் காணப் போவதில்லை, அவருக்கும் என்னைத் தெரியாது. ஆனாலும் ஒரு திருத்தம் சரிவந்து, முதல் பக்கத்திலிருந்து டிக்கட் கைக்கு வரும்வரை தடங்கல் இல்லாமல் போகும்போது எனக்கு நெஞ்சு நிமிரும். பெருமைதான். அதை மறைக்க என்ன இருக்கிறது?

அப்படி எத்தனையோ செய்திருக்கிறேன். அவற்றில் எனக்குப் பெரியது எங்கள் கடைத்தெருவில் இருக்கிற ஒரு சாரிக் கடையின் இணையத்தளம். கம்பனியில் யாருக்கும் அதைப் பற்றித் தெரியாது. அதை வைத்து உம்மா ஒரு கூறைச் சாரி எடுத்தார், அவ்வளவுதான்.

உம்மாவைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். கண் நன்றாக இருந்த காலத்தில் எங்கள் ஒழுங்கையிலும் பக்கத்துத் தெருக்களிலும் உம்மாவைக் கூட்டிக்கொண்டு போகாமல் கலியாணச் சாரி எடுத்தவர்கள் குறைவு. பெண் வீட்டுக்காரர், மாப்பிள்ளை வீட்டுக்காரர் இரண்டு பக்கமும் வந்து கூப்பிடுவார்கள். கடைக்காரர்கள் உம்மாவைக் கண்டால் முன்தட்டில் கிடப்பதைத் தொடாமல் நேரே உள்ளே போய் நல்லதை எடுத்துவருவார்கள். உம்மா துணியைத் தெருவாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது ரெண்டு தண்ணி கண்டா வெளிறிப் போயிரும்" என்று முதலாளியின் முகத்துக்கு நேரே சொல்வார். முதலாளிக்குக் கோபம் வரும். ஆனால் மறுக்க மாட்டார்.

பிறகு சீனி வருத்தம் கண்ணில் இறங்கியது. மட்டக்களப்பு, கண்டி என்று ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தோம். முதலில் எழுத்துகள் போயின, பிறகு முகங்கள் போயின, கடைசியில் வாசலில் வெயில் விழுகிறதா இல்லையா என்பது மட்டும் மிஞ்சியது. நான் இந்த வேலைக்கு வந்ததும் அதனால்தான். உம்மாவின் போனைப் பேச வைக்கிறேன் என்று தொடங்கி, அதிலேயே விழுந்துவிட்டேன்.

திரையில் இருப்பதை வாசித்துச் சொல்கிற வசதி எல்லாப் போனிலும் இருக்கிறது. திரையில் விரலை வலப்பக்கம் தள்ளினால் அடுத்ததை வாசிக்கும், இரண்டு தரம் தட்டினால் திறக்கும். வாசிக்கிற குரல் ஓர் இந்தியப் பெண்ணின் குரல். உம்மாவுக்கு அவள் "அந்தப் பொம்புள". ஆரம்பத்தில் "மெதுவாக் கதை புள்ள, எங்க ஓடப் போற?" என்று அவளோடு சண்டை பிடித்தார். இப்போது எனக்கே விளங்காத வேகத்தில் அவளைப் பேச வைக்கிறார். திரையின் வெளிச்சத்தை முழுவதாக நிறுத்தி வைத்திருக்கிறேன். உம்மாவுக்கு அது தேவையில்லை, சார்ஜும் நின்றுபிடிக்கும். அந்தக் கறுப்புத் திரையைத் தடவித் தடவியே ஜனாஸா அறிவித்தல், மீன் விலை, சொந்தக்காரர்களின் குரல்பதிவு எல்லாம் கேட்டுவிடுவார். ஊர்ச் செய்தி எனக்கு உம்மா சொல்லித்தான் தெரியவரும்.

அப்படி இருக்கும்போது தம்பிக்கு ஒலுவிலில் பெண் பேசி முடிந்தது.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே வீடு மகளுக்குத்தான். கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போய்விடுவான். வீடு, கட்டில், அலுமாரி, சட்டிபானை எல்லாம் அவர்கள் பக்கம். மாப்பிள்ளையின் உம்மா தன் கையால் கொடுத்தனுப்புவது கூறைச் சாரி. நிக்காஹ் முடிந்த பிறகு பெண் தன் வீட்டார் எடுத்த சாரியை மாற்றி இதை உடுத்திக்கொண்டு வருவாள். வளர்த்த மகனை இன்னொரு வீட்டுக்குக் கொடுத்துவிடுகிற உம்மாவுக்கு, அந்தக் கலியாணத்தில் தன்னுடையது என்று சொல்ல ஒரு முடிவு இருக்கிறதென்றால் அது இந்தச் சாரி ஒன்றுதான். ஊர் முழுக்கச் சாரி எடுத்துக் கொடுத்தவர், தன் மகனின் கூறையைத் தானே எடுப்பாரா, இல்லை வேறு யாரும் எடுப்பார்களா? எங்கள் வீட்டில் எல்லோருடைய மனதிலும் இது இருந்தது. யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

மாமிதான் வாய் திறந்தார். மாமி என்றால் வாப்பாவின் ராத்தா, கூடப்பிறந்த மூத்தவர். நல்ல மனுசி, வரும்போது வெறுங்கையோடு வரமாட்டார். அன்றைக்கும் ஒரு சட்டி வட்டிலப்பத்தோடு வந்து உட்கார்ந்து, உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "மச்சி, நீங்க ஒண்டுக்கும் யோசிக்க வேணாம். கூறைய நானும் என்ட புள்ளையளும் போய் எடுத்துட்டு வாறம். நீங்க தடவிப் பாத்து துஆச் செஞ்சு குடுங்க. அது காணும்."

"பாப்பமே மச்சி" என்றார் உம்மா.

உம்மாவின் 'பாப்பமே' எனக்குத் தெரியும். 'ஏலாது' என்பதை மரியாதையாகச் சொல்வது அது. மாமி போனதும் நான், "நாம ரெண்டு பேரும் கடைக்குப் போவம் உம்மா" என்றேன். உம்மா தலையாட்டி மறுத்தார். ஏன் மறுத்தார் என்றும் எனக்குத் தெரியும். போன பெருநாளுக்கு முந்திய பெருநாளில் நான் உம்மாவைக் கடைத்தெருவில் நான் சொன்ன அந்தச் சாரிக் கடைக்குக் கூட்டிப் போயிருந்தேன். சாரி எடுத்துக் காட்டியவர் என் முகத்தைப் பார்த்து, "உம்மாக்கு என்ன நிறம் வேணுமாம்?" என்று கேட்டார். உம்மா பதில் சொன்னார். அவர் திரும்பவும் என்னிடமே, "வயசான ஆக்களுக்கு இது காணும்தானே?" என்றார். "கண்ணுதான் தம்பி போன, காது இரிக்கி" என்று சொல்லிவிட்டு உம்மா வாசல் பக்கம் திரும்பினார். அதற்குப் பிறகு எந்தச் சாரிக் கடைப் படியும் ஏறவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து உம்மாவே சொன்னார்: "அந்தக் கடைக்கி வெப்சைட் ஒண்டு வந்திரிக்காமே. அதத் தொறந்து தா. நான் இரிந்து ஆறுதலாப் பாத்து முடிச்சுட்டுக் கடைக்கிப் போறன். அங்க போய் நிண்டு ஆருட வாயப் பாக்கிற?"

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இதற்குத்தானே நான் படித்தது. உடனே திறந்து கொடுத்தேன்.

திறந்ததும் கம்பீரமான ஓர் ஆண் குரல், "அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரக்காத்துஹு" என்றது. உம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "வஅலைக்குமுஸ்ஸலாம்" என்று முழுப் பதிலும் சொன்னார். பிறகு அதே குரல் பிஸ்மில்லாஹ் சொல்லி, வியாபாரத்தில் பரக்கத்துக் கேட்டு ஒரு துஆ ஓதியது. உம்மா கையை ஏந்திவிட்டார். பின்னால் 'அந்தப் பொம்புள' ஏதோ வாசித்துக்கொண்டிருந்தாள், அது துஆவுக்குள் அமுங்கிப்போனது. ஆமீன் சொல்லிக் கையை முகத்தில் தடவிய பிறகு உம்மா விரலைத் தள்ளித் தேடி, 'சாரிகள்' என்ற இடத்தில் தட்டினார். புதுப் பக்கம் திறந்தது. மறுபடியும் சலாம். மறுபடியும் பதில், மறுபடியும் துஆ, மறுபடியும் ஆமீன்.

"உம்மா, அது மெசின். ஒவ்வொருக்காவும் பதில் சொல்லத் தேவல்ல."

"சலாம் சொன்ன மனிசன் மெசினா?"

சலாத்துக்குப் பதில் சொல்லாமல் விடுவதும் துஆவை இடையில் வெட்டுவதும் உம்மாவால் முடியாத காரியங்கள். அதைத் தாண்டிப் போனாலும் உள்ளே ஒன்றுமில்லை. ஒவ்வொரு சாரிக்கும் 'படம்' என்று சொல்லி, கமரா அந்தப் படத்துக்குத் தானாக வைத்த எழுத்தையும் இலக்கத்தையும் அந்தப் பொம்புள வாசித்தாள். அதற்குக் கீழே 'பட்டன்'. எதற்கான பட்டன் என்று இல்லை. வெறும் பட்டன். அசருக்குப் பாங்கு சொல்லும்வரை உம்மா முயன்றார். ஒரு சாரிகூடப் பார்க்கக் கிடைக்கவில்லை. நன்மைதான் நிறையச் சேர்ந்திருக்கும்.

போனைக் கட்டிலில் வைத்துவிட்டு உம்மா சொன்னார்: "சரி மகள். மாமியே எடுக்கட்டும்."

உம்மா எதையும் அப்படி விட்டுக்கொடுத்து நான் கண்டதில்லை. எனக்கு வந்த கோபத்தில் அன்று ஆக்கிய கறிக்கு உப்புப் போட்டேனா இல்லையா என்றே நினைவில்லை.

மறுநாள் காலையிலேயே கடைக்குப் போனேன். முதலாளி தூரத்துச் சொந்தம், அண்ணன் முறை, காக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய வாப்பா தொடங்கிய கடை அது. இணையத்தளம் கொழும்பில் கொடுத்துச் செய்வித்தது. அதைப் பற்றிக் கேட்டதுமே முகம் மலர்ந்துவிட்டது. "சலாம் கேட்டியா? அது என்ட குரல்" என்றார்.

"கேட்ட காக்கா. ஆனா ஒங்கட வெப்சைட்ல கண் தெரியாத ஆக்களுக்குச் சாரி பாக்கேலா."

"கண் தெரியாத ஆக்கள் என்னத்துக்குப் புள்ள சாரி பாக்கிற?" என்று சிரித்தார். கடையில் நின்ற இரண்டு மூன்று பேரும் கூடச் சிரித்தார்கள்.

"ஏன் காக்கா, அவங்க உடுக்கிறல்லியா?"

சிரிப்பு நின்றது. நான் அவருடைய போனைக் கேட்டு வாங்கி, வாசிக்கிற குரலைப் போட்டேன், திரை வெளிச்சத்தை நிறுத்தினேன். விரலை எப்படித் தள்ளுவது, எப்படித் தட்டுவது என்று காட்டிவிட்டுக் கையில் கொடுத்தேன். "ஒங்கட கடைதானே. எனக்கு ஒரு சாரி எடுத்துத் தாங்க பாப்பம்" என்றேன்.

ரோசக்காரர், வாங்கிக்கொண்டார். அவருடைய குரலே அவருக்குச் சலாம் சொன்னது. அவரும் பழக்கத்தில், "வஅலைக்குமுஸ்ஸலாம்" என்றார். துணி மடித்துக்கொண்டிருந்தவர் மடித்ததை வாயில் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார். அடுத்த பக்கத்தில் மறுபடியும் சலாம் வந்தது, அவர் தன் துஆ முடியும்வரை காத்திருந்தார். மூன்றாவதற்குப் பதில் முணுமுணுப்பாக வந்தது. பிறகு படம், பட்டன், படம், பட்டன். கறுத்த திரையைத் தடவித் தடவி நெற்றியில் வியர்வை அரும்பிவிட்டது. "என்ட கடையில எனக்கே வழி தெரியுதில்லியே" என்று போனைத் திருப்பித் தந்தார். நல்ல மனிதர் என்பதால்தான் அப்படிச் சொன்னார். வேறொருவர் என்றால் என்னைக் கடையை விட்டு இறக்கியிருப்பார்.

படத்தையும் பட்டனையும் திருத்தச் சம்மதித்தார். சலாத்தில்தான் இடித்தது.

"அத மட்டும் எடுக்கச் சொல்லாத புள்ள. வாப்பா கடை தொறந்த நாள்லரிந்து சலாம் சொல்லித்தான் ஆக்கள உள்ளுக்கு எடுக்கிற. இப்ப ஊரே கேக்கும், காசு வந்ததும் சலாத்த விட்டுட்டானாண்டு."

எல்லாவற்றுக்கும் வாயில் பதில் வைத்திருக்கிறவள் நான். பக்கம் திறந்ததும் தானாகச் சத்தம் வரக்கூடாது என்று என் வேலையில் விதியே இருக்கிறது. ஆனால் எங்கோ வெளிநாட்டில் எழுதிய விதியைக் கொண்டுவந்து ஒரு முஸ்லிமின் கடையில் சலாத்தை நிறுத்து என்று எந்த வாயால் சொல்வது? வீட்டுக்கு வந்து உம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் தன் சலாத்துக்குத் தானே பதில் சொன்ன இடத்தில் உம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "அவருக்கு எடு, நான் கதைக்கிறன்" என்றார்.

எடுத்துக் கொடுத்தேன். சுகம் விசாரித்த பிறகு உம்மா கேட்டார்: "தம்பி, கடைக்கி வாற ஆளுக்கு வாசல்ல ஒருக்காச் சலாம் சொல்லுவீங்க. மறுகா ஒவ்வொரு சாரியையும் விரிக்க விரிக்கச் சொல்லுவீங்களா?"

"இல்ல சாச்சி" என்றார் காக்கா.

"அப்ப இதுலயும் வாசல்ல ஒருக்காச் சொல்லுங்க. எழுத்துலயே போடுங்க. என்ட போன்ல இரிக்கிற பொம்புள அத வாசிப்பா, நான் பதில் சொல்லுவன். துஆவ நீங்க கடைக்குள்ள இரிந்து ஓதுங்க. அது எங்க சேரணுமோ அங்க சேரும்."

மறுநாள் தளத்துக்குள் போகிற கடவுச்சொல் எனக்கு வந்தது. குரலை எடுத்துவிட்டு, முதல் பக்கத்தின் தலையில் சலாத்தை எழுத்தில் வைத்தேன். பட்டன்களுக்குப் பெயர் கொடுத்தேன். படங்களுக்குப் பின்னால் வாசிக்கிற குரலுக்கென்று ஒரு வரி எழுத வேண்டும். கண்ணால் பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது, காதால் பார்க்கிறவர்களுக்கு அதுதான் படம். அந்த வரிகளைக் கடையில் உள்ளவர்களே எழுதித் தருவதாகக் காக்கா சொன்னார். எழுதியும் தந்தார்கள். ஏற்றிவிட்டு உம்மாவிடம் கொடுத்தேன்.

"அழகான கலியாணச் சாரி" என்றாள் அந்தப் பொம்புள. உம்மா தள்ளினார். "அழகான கலியாணச் சாரி." தள்ளினார். "மிக அழகான கலியாணச் சாரி."

"அழகா இல்லியாண்டு நான் சொல்றன்" என்றார் உம்மா. "அவங்க நிறத்தச் சொல்லட்டும்."

அவர்களைக் குறை சொல்ல முடியாது. எங்கள் கடைத்தெருவில் சாமானைப் புகழத்தான் எல்லோருக்கும் தெரியும். நானே போய் உட்கார்ந்தேன். காலையில் கம்பனி வேலை, பின்னேரம் சாரிக் கடை. ஒவ்வொன்றாக மடியில் விரித்துப் போட்டு எழுதினேன். முதல் சாரிக்குச் 'சிவப்பு' என்று எழுதிவிட்டு எனக்கே வெட்கமாகி அழித்தேன். உம்மாவோடு வளர்ந்தவள் வெறும் சிவப்பு என்று எழுதலாமா? எங்கள் வீட்டில் கொச்சிக்காய்ச் சிவப்பு வேறு, மாதுளம்பூச் சிவப்பு வேறு, அவித்த நண்டின் சிவப்பு வேறு. மஞ்சளில் பாலைப்பழ மஞ்சள் இருக்கிறது, அறுப்புக்கு நிற்கிற வயலின் மஞ்சள் இருக்கிறது. மாவடிப்பள்ளிப் பக்கம் போகும்போது பஸ் யன்னலால் உம்மா எனக்குக் காட்டியது அது.

முதலில் உடல் நிறம், அடுத்தது கரை, பிறகு முந்தானை, கடைசியில் பாரம் என்று ஓர் ஒழுங்கு வைத்துக்கொண்டேன். பிடிக்கவில்லையென்றால் முதல் சொல்லிலேயே தள்ளிவிட்டுப் போகலாம், நேரம் வீணாகாது. கரையின் அகலத்தை விரலில் எழுதினேன், சாரி எடுக்கிற பெண்கள் விரலால்தான் அளக்கிறார்கள். பின்னால் நின்று பார்த்த காக்கா, "சிவப்பெண்டு போட்டாக் காணாதா?" என்றார். "ஒங்கட கடையில எத்தின சிவப்பு இரிக்கி காக்கா?" என்றேன். போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, ஒரு சாரியைத் தூக்கிக் காட்டி, "இதுக்கு வெங்காயத்தோல் நிறமெண்டு போடு" என்றார். அதற்குப் பிறகு அவரை எழும்ப வைக்க முடியவில்லை. கடையில் இருந்த எல்லோரும் நிறத்துக்குச் சண்டை பிடிக்கத் தொடங்கினார்கள். நான் செய்த வேலைகளில் அவ்வளவு சிரித்துச் செய்த வேலை வேறில்லை.

எழுதி முடிந்த பிறகு உம்மா ஒவ்வொரு நாளும் காலையில் தேத்தண்ணியோடு உட்கார்ந்து கேட்டார். எது பிடித்தது என்று மட்டும் சொல்லவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் மாமி வந்து, "மச்சி, நாளைக்கிப் போய்க் கூறைய எடுத்துருவமா? நல்ல சிவப்பா எடுப்பம்" என்றார். உம்மா என் பக்கம் திரும்பி, "ஒலுவிலுக்குப் போன் எடு மகள். அவங்க பெண்ணுக்கு எடுத்திரிக்கிற சாரி என்ன நிறமெண்டு கேள்" என்றார்.

எனக்கும் மாமிக்கும் அது தோன்றவே இல்லை. கேட்டேன். அவர்களுடையது கடும் சிவப்பு.

"பாத்தீங்களா? ரெண்டும் சிவப்பெண்டாப் பெண்ணு கூறை மாத்தினதே ஆருக்கும் தெரியாது" என்ற உம்மா, போனைக் கையில் எடுத்தார். சலாத்துக்குப் பதில் சொன்னார். விரல் நேரே ஒரு சாரியில் போய் நின்றது. எத்தனையோ தரம் கேட்டு முடிவெடுத்து வைத்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தப் பொம்புள நான் எழுதியதை வாசித்தாள்: "நாவல்பழ நிறம். கரை நாலு விரல் அகலம், பழைய பொன் நிறச் சரிகை, அதில் நெல்மணி போல் புள்ளிகள். முந்தானை முழுவதும் சரிகை. கையில் வைத்தால் பாரம் தெரியும்."

"நாவல்பழமெண்டு எழுதிரிக்காய். பழுத்ததா, செங்காயா?"

"பழுத்தது உம்மா. மடிப்புக்குள்ள கறுப்புத் தட்டுது."

"ம்" என்றார். அடுத்ததுக்குத் தள்ளினார். 'எனக்கு எடுத்து வைக்கவும், பட்டன்.' முந்தி வெறும் பட்டனாக இருந்தது. இரண்டு தரம் தட்டினார்.

நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஒன்றுக்கும் என் உதவி தேவைப்படவில்லை. அதைப் பார்த்துத்தான் எனக்குக் கண் நிறைந்தது. எத்தனை நாட்டு இணையத்தளம் திருத்தியிருப்பேன், தன் காரியத்தைத் தானே முடிக்கிற ஒரு மனிதரை நேரில் பார்த்தது அன்றுதான். அது என் உம்மா.

மாமி மட்டும், "கலியாணத்துக்கு நாவல்பழ நிறமா மச்சி?" என்று இழுத்தார். பிறகு அவரும், "பாப்பமே" என்றார்.

அடுத்த நாள் உம்மா கடைப்படி ஏறினார். அந்தப் பெருநாளில் உம்மாவை விட்டு என்னிடம் கேட்ட அதே மனிதர்தான் சாரியை எடுத்துவந்தார். இந்த முறை உம்மாவின் கையிலேயே வைத்து, "நீங்க கேட்ட நாவல்பழம் உம்மா" என்றார். உம்மா கரையை விரல்வைத்து அளந்து, முந்தானையைக் கசக்கி விட்டு, உள்ளங்கையில் தூக்கிப் பார்த்து, "சரி, கட்டுங்க" என்றார். அவ்வளவு சுருக்கமாக ஒரு கூறை அந்தக் கடையில் விலைப்பட்டிருக்காது.

கலியாணத்தன்று நிந்தவூர் தாண்டி ஒலுவிலுக்கு இரண்டு வேனில் போனோம். பெண் முதலில் கடும் சிவப்பில் இருந்தாள், எல்லாப் பெண்களையும் போல அழகாகத்தான் இருந்தாள். நிக்காஹ் முடிந்து கூறை மாற்றி அழைத்துவந்தார்கள். நான் உம்மாவின் காதில் சொல்ல வாயெடுத்தேன். உம்மா என் கையை அழுத்தி, "பொறு" என்றார். பந்தலில் பெண்களின் பேச்சுச் சத்தம் அப்படியே தணிந்தது. பிறகு ஒரு மூலையிலிருந்து "மாஷா அல்லாஹ்" என்று ஒரு குரல், அதைத் தொடர்ந்து இன்னொன்று. பிறகு உம்மா எதிர்பார்த்திருந்தது வந்தது.

"கூறை ஆரு எடுத்த?"

பெண்ணின் சாச்சி உம்மாவிடமே வந்து, "கொழும்புல எடுத்தீங்களா?" என்று கேட்டார்.

"கல்முனையில. ஊட்ட இரிந்துதான் எடுத்தன்" என்றார் உம்மா. தலை நிமிர்ந்தபடி, சத்தமாக.

தம்பியை அங்கே விட்டுவிட்டு வந்தோம். சில நாட்கள் உம்மா அவனுடைய கட்டில் பக்கம் போய் உட்கார்ந்து வருவார். எனக்கும் வீடு நிறைந்தமாதிரி இல்லை. ஆனால் உம்மா ஒருதரமும் அழவில்லை. அவன் போன் எடுக்கும்போதெல்லாம் கூறையைப் பாச்சான் பூச்சி அரிக்காமல் மடித்து வைத்திருக்கிறாளா என்று மட்டும் கேட்பார்.

கொஞ்ச நாளில் மாமி வந்தார், கையில் வட்டிலப்பச் சட்டி. அவருடைய மகனுக்கும் கலியாணம் சரிவந்திருந்தது. உட்கார்ந்து, உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "மச்சி, என்ட மகன்ட கூறைய நீங்கதான் எடுத்துத் தரணும்" என்றார்.

நான் குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். கண் போன பிறகு உம்மாவிடம் இப்படி ஒருவர் வந்து கேட்டது அதுதான் முதல் தரம்.

"இரிங்க மச்சி, காட்டுறன்" என்று உம்மா போனை எடுத்தார். சலாம் வந்தது, உம்மா பதில் சொன்னார், மாமியும் சேர்ந்து சொன்னார். பிறகு உம்மாவின் விரல் ஓடத் தொடங்கியது. மாதுளம்பூ, வெங்காயத்தோல், பாலைப்பழம் என்று அந்தப் பொம்புள மூச்சுவிடாமல் அடுக்கினாள். மாமி குனிந்து பார்த்தார், இந்தப் பக்கம் சரிந்து பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டும் பார்த்தார்.

"மச்சி, போன் இருட்டால்லவா இரிக்கி. இவ கதைக்கிற வேகமும் எனக்கு விளங்குதில்ல. நான் எப்பிடிப் பாக்கிற?"

உம்மா குசினிப் பக்கம் முகத்தைத் திருப்பிக் குரல் கொடுத்தார்.

"மகள், இஞ்ச ஒருக்கா வா. மாமியும் பாக்கிற மாதிரிக் கொஞ்சம் செஞ்சு குடு."

நான் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு போனேன். அதுதானே என் வேலை.